பாட்டு எங்கேயும் போகலை தாத்தா... பாதைதான் மாறிப்போச்சு!

காலை 6 மணி. பாளையங்கோட்டையில் ஒரு வீடு. கூடத்துச் சுவரில் ஆச்சியின் படம், அதற்குப் புது மாலை. அன்று ஆச்சியின் நினைவு நாள். வருடா வருடம் இந்த நாளில், இலை போடுவதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு பாட்டு ஒலிக்கும். 1984-ல் ஆச்சி தன் மகனைத் தொட்டிலில் போட்டுப் பாடிய தாலாட்டு அது. தபால் துறையில் வேலை பார்த்த தாத்தா, புதிதாக வாங்கிய டேப் ரெக்கார்டரைத் தொட்டிலுக்குக் கீழே வைத்துப் பதிந்தது.

அன்று அந்தப் பாட்டு வரவில்லை. செல்போனில் ஆப் திறக்கிறது, வட்டம் சுற்றுகிறது, கடைசியில் 'சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று கையை விரிக்கிறது. நேற்று முன்தினம் வரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பெட்டி.

அந்த வீட்டில் மொத்தம் 140 கேசட்டுகள் இருந்தன. தாலாட்டு, கல்யாண வீட்டு நலங்கு, திருவிழா நாதஸ்வரம், ரேடியோவில் வந்த கச்சேரிகள். பாதி பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும், மகன் இரண்டு கோடை விடுமுறைகளைச் செலவழித்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, ஒரு நாஸ் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். கேசட்டுகள் பழைய சாமான்காரரிடம் போய்விட்டன. இப்போது அந்தக் குரல் இருக்கும் ஒரே இடம், அலமாரி மேல் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிதான்.

உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பையன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். பின்னால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. "ரீசெட் பண்ணிட்டா சரியாயிரும் தாத்தா" என்றான். ஊக்கும் கைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து பேத்தியின் போன்.

"பாட்டு ஒண்ணையும் காணலம்மா. எல்லாம் அழிஞ்சிட்டுன்னு நெனைக்கேன். இந்தத் தம்பி என்னமோ ரீசெட்டுங்கான்..."

"தாத்தா, முதல்ல அந்த ஊக்கைக் கீழ வைக்கச் சொல்லுங்க!"

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நாஸ் என்பது 'நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ்' என்பதன் சுருக்கம். ஒன்றோ இரண்டோ ஹார்டு டிஸ்க் செருகிய ஒரு சின்னக் கணினி என்று வைத்துக்கொள்ளலாம். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. ஒரு கேபிளில் ரவுட்டரோடு சேர்ந்திருக்கும். வீட்டில் உள்ள போன், டி.வி, லேப்டாப் எல்லாம் அதிலிருந்து பாட்டையும் படத்தையும் எடுத்துக்கொள்ளும். அதற்கு இன்டர்நெட் கூடத் தேவையில்லை.

மாதச் சந்தா கட்டினால் ஆப்பிலேயே எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆப்களும் கடையைச் சாத்துகின்றன. ரெஸ்ஸோ 2024 ஜனவரியில் இந்தியாவில் மூடப்பட்டது. அதே ஆண்டு விங்க் மியூசிக்கும் போனது. அதில் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த பாட்டுப் பட்டியல்களை நினைத்து வருந்தியவர்கள் பலர். அது போகட்டும், ஆச்சியின் தாலாட்டு எந்த ஆப்பில் கிடைக்கும்?

இந்தப் பெட்டிகளில் பாட்டு நின்றுபோனால் முதலில் மனதில் வைக்க வேண்டியது, பாட்டு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும் என்பது. பெட்டியில் இருந்து ரவுட்டர், ரவுட்டரில் இருந்து போன், போனில் இருந்து ஸ்பீக்கர் என்று பாட்டு மூன்று கை மாறி வருகிறது. எங்கோ ஒரு கை விட்டிருக்கும். பயத்தில் நாம் செய்கிற காரியங்கள்தான் பாட்டுக்கு உண்மையான ஆபத்து. ரீசெட் துளை பெட்டிக்குப் பெட்டி வேறு மாதிரி வேலை செய்யும். சிலவற்றில் கடவுச்சொல்லும் நெட்வொர்க் அமைப்பும் மட்டும் பழைய நிலைக்குப் போகும். சிலவற்றில் அதற்கு மேலும் போகும். அதைவிட மோசம், திரையில் 'டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா?', 'ஃபார்மட் செய்யவா?' என்று கேள்வி வரும்போது அவசரத்தில் 'சரி' என்று தட்டிவிடுவது. அந்த இரண்டு சொல்லுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: உள்ளே இருப்பதைத் துடைத்துவிடு.

டி.வி.யில பாடுதா?

பேத்தி கேட்ட முதல் கேள்வி தாத்தாவுக்கு விநோதமாக இருந்தது.

"தாத்தா, டி.வி.யைப் போட்டு அதுல பாட்டு வருதா பாருங்க."

"டி.வி.லயா? போன்லதானம்மா வரலை?"

"அதுக்குத்தான் தாத்தா. டி.வி.யில வந்தா பெட்டி நல்லாருக்குன்னு அர்த்தம்."

மருத்துவர் எங்கே வலிக்கிறது என்பதை மட்டும் கேட்பதில்லை, எங்கே வலிக்கவில்லை என்பதையும் கேட்பார். அதே வழிதான் இதுவும். ஒரு கருவியில் வரவில்லை என்றால் இன்னொன்றில் பார்க்க வேண்டும். எதிலுமே வரவில்லை என்றால் சந்தேகம் பெட்டியின் மேல். ஒன்றில் வந்து இன்னொன்றில் வராவிட்டால், அந்த இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று தேட வேண்டும்.

வேறு கருவி இல்லாத வீட்டில் பெட்டியின் எண்ணைக் கொண்டே பார்க்கலாம். வீட்டு நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.0.10 என்பது போல ஓர் எண் இருக்கும். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால் எந்தக் கருவிக்கு என்ன எண் என்ற பட்டியல் வரும். பெட்டியின் எண்ணை போனில் உள்ள பிரவுசரில் அடிக்க வேண்டும். பெட்டியின் நிர்வாகப் பக்கம் திறந்தால் பாதை சரியாக இருக்கிறது, பாட்டு ஆப்பில்தான் கோளாறு. திறக்கவில்லை என்றால் ஆப்பை அழித்து மறுபடி ஏற்றுவதில் பிரயோஜனமே இல்லை. பலர் அரை நாளைத் தொலைப்பது இந்த இடத்தில்தான்.

ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதும் முக்கியம். ரவுட்டரை அணைத்து, ஆப்பை அழித்து, கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கூப்பிட்டால் கேட்கிறதா?

வீட்டுக்குள் பாட்டைப் பகிர டி.எல்.என்.ஏ என்ற ஏற்பாடு பல டி.வி.க்களிலும் நாஸ் பெட்டிகளிலும் இருக்கிறது. அதை உருவாக்கிய கூட்டமைப்பு 2003-ல் தொடங்கி 2017-ல் கலைந்துவிட்டாலும், ஏற்பாடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது வேலை செய்வது கூவி அழைப்பது போலத்தான். "பாட்டு வைத்திருப்பவர் யாராவது உண்டா?" என்று போன் வீடு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுக்கும். "நான் இருக்கிறேன்" என்று பெட்டி பதில் சொல்லும். இந்தக் கூவலை ரவுட்டர் கடத்திவிட வேண்டும். கடத்தாவிட்டால் பெட்டி அடுத்த அறையிலேயே இருந்தாலும் போனுக்குத் தெரியாது.

கூவல் தடைபடும் இடங்கள் சில உண்டு. விருந்தினருக்கென்று தனியாக வைத்த 'கெஸ்ட்' வைஃபையில் போன் இருந்தால் வீட்டுக் கருவிகள் எதுவும் அதற்குத் தெரியாது, அந்த வைஃபையின் நோக்கமே அதுதான். அலுவலக வேலைக்காக போனில் வி.பி.என் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதை. ஐபோனில் இன்னொரு சூட்சுமம். 2020-ல் வந்த ஐ.ஓ.எஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேட ஒவ்வோர் ஆப்பும் அனுமதி கேட்கும். என்னவோ கேட்கிறதே என்று ஒருமுறை 'வேண்டாம்' தட்டிவிட்டால், அந்த ஆப் அதற்குப் பிறகு பெட்டியைக் கண்டுகொள்ளாது. அமைப்புகளில் பிரைவஸி பகுதிக்குள் 'லோக்கல் நெட்வொர்க்' என்ற இடத்தில் அதைத் திருத்தலாம். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் சோதனை செய்யும்போது மொபைல் டேட்டாவை அணைத்து விடுவது நல்லது. வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று தோன்றினால், போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். தாவியபின் அது வீட்டிலேயே இல்லாததற்குச் சமம்.

மின்வெட்டுக்குப் பிறகு பாட்டு நின்றுபோகும் வீடுகளில் காரணம் பெரும்பாலும் அந்த எண்தான். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது போல, ரவுட்டர் தன்னிடம் வரும் கருவிகளுக்கு எண் கொடுக்கிறது. வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால் அதே டோக்கன் கிடைக்கும் என்று உறுதி இல்லை. ஆப்போ பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டர் அமைப்பில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று இருக்கும். அங்கே பெட்டிக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை முடிந்தது. மின்சாரம் சட்டென்று போய் வந்தபின் சில பெட்டிகள் டிஸ்க்கை முழுதாகச் சரிபார்க்கும், பாட்டுப் பட்டியலையும் புதிதாகத் தயாரிக்கும். அதற்குச் சில மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை ஆல்பங்கள் காலியாகத் தெரியும். காத்திருக்க வேண்டிய அந்த நேரத்தில்தான் ஊக்கைத் தேடத் தோன்றும்.

கணினியில் மட்டும் பெட்டி தெரியாமல் போனால் காரணம் பாஷையாக இருக்கலாம். பழைய பெட்டிகள் சில, எஸ்.எம்.பி 1 என்ற பழைய முறையில் மட்டுமே பேசும். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை, அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அது இயல்பாக இருப்பதில்லை. அதை மறுபடி இயக்கிக்கொள்ளச் சொல்லும் யூடியூப் ஆலோசனைகள் நிறைய. அதைக் கேட்காமல், பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்க வழி உண்டா என்று பார்ப்பதே மேல்.

திக்கித் திக்கிப் பாடினால்...

பாட்டு வருகிறது, ஆனால் நடுநடுவே நிற்கிறது என்பது வேறு வியாதி. சி.டி தரத்தில் ஒரு பாட்டுக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் போதும். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் முறையில் அது இன்னும் குறையும். எம்.பி3 என்றால் அதிகபட்சம் 320. வைஃபைக்கு இதெல்லாம் ஒரு சுமையே இல்லை. ஆனாலும் நிற்கிறது என்றால் சமையலறையை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவதும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், பல வீடுகளின் வைஃபையும் அதே அலைவரிசையில். ரவுட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் இருந்தால் போனை அதற்கு மாற்றிப் பார்க்கலாம். முதல் பாட்டு தொடங்க மட்டும் பத்து நொடி பிடித்து, பிறகு ஒழுங்காக ஓடினால் அது கோளாறே இல்லை. தூங்கிய ஹார்டு டிஸ்க் எழுந்து சுழலும் நேரம் அது.

தோடியைத் தேடினால் தோடி வராது

தமிழ்ப் பாட்டு வைத்திருப்பவர்களுக்கென்றே சில சிக்கல்கள் இருக்கின்றன. இங்கிலீஷில் எழுதப்பட்ட எந்த உதவிப் பக்கத்திலும் இதற்குப் பதில் சுலபத்தில் கிடைக்காது.

ஒவ்வொரு எம்.பி3 கோப்புக்குள்ளும் பாட்டின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் ஒரு சீட்டில் எழுதப்பட்டிருக்கும். பழைய முறைச் சீட்டில் பெயருக்கு ஒதுக்கிய இடம் வெறும் 30 பைட். யூனிகோடு முறைப்படி யு.டி.எஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் பிடிக்கும். மொத்தமே 10 குறிதான் அடங்கும், கொம்பும் காலும் புள்ளியும் அதில் தனித்தனிக் கணக்கு. ஆகவே பெயர் பாதியில் வெட்டுப்படும் அல்லது கேள்விக்குறிகளாக மாறும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பெயர்களோ, ஏதோ ஐரோப்பிய மொழி போலக் கிறுக்கலாகத் தெரியும். இவற்றுக்கு வழி ஒன்றுதான். சீட்டைத் திருத்தும் மென்பொருளில் திறந்து, புதிய முறையில், யூனிகோடில் மறுபடி எழுத வேண்டும். 'எம்.பி3டேக்', 'பிக்கார்டு' போன்றவை இதற்கு உதவும்.

இன்னொன்று இதைவிட விஷமமானது. 'தோடி' என்று தேடினால் பெட்டி ஒன்றும் இல்லை என்கிறது. ஆனால் கோப்புறையைத் திறந்தால் 'தோடி' கண்ணெதிரே நிற்கிறது. காரணம், 'தோ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக எழுதி வைக்க முடியும். முன்னும் பின்னும் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. பழைய மேக் கணினிகள் கோப்பின் பெயரைப் பிரித்துத்தான் சேமித்தன. அங்கிருந்து ஹார்டு டிஸ்க்கிலோ ஜிப் கோப்பிலோ வந்த பாட்டுகளில் இந்தப் பிளவு ஒட்டிக்கொண்டு வரக்கூடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இது பொருந்தும். ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் இருப்பது போலத் தெரிந்தாலும் இதைச் சந்தேகிக்கலாம். சில பாட்டுகள் என்றால் பெயரை அழித்துவிட்டுக் கையால் மறுபடி அடித்தாலே போதும். துணைக்காலுக்குப் பதில் 'ர' அடித்து வைத்திருப்பவர்களின் கதை தனி. அதற்கு எந்த மென்பொருளும் உதவாது, கண்கள்தான் உதவ வேண்டும்.

நீளமான பெயர்களும் சிக்கல் தரும். பெரும்பாலான பெட்டிகளில் கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது, தமிழில் 85 குறி. ராகம், தாளம், பாடியவர், பக்கவாத்தியம், சபா, தேதி என்று அத்தனையும் பெயரிலேயே எழுதி வைக்கும் ரசிகர்களுக்கு இது போதாது. நகலெடுக்கும்போது அந்தக் கோப்புகள் மட்டும் விட்டுப்போகும். எல்லாம் வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்க்காதவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஒரே பிரதி போதுமா?

இரண்டு டிஸ்க் போட்ட பெட்டி, ஒன்று போனாலும் இன்னொன்றில் இருக்கும் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். டிஸ்க் பழுதுக்கு அது சரி. கைதவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். 2021 ஜூன் மாதம், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் பழைய மாடலான மை புக் லைவ் பெட்டி வைத்திருந்தவர்கள் பலர் காலையில் எழுந்து பார்த்தபோது உள்ளே எதுவும் இல்லை. வெளியாட்கள் இன்டர்நெட் வழியாக நுழைந்து எல்லாவற்றையும் துடைத்திருந்தார்கள். இணைப்பைப் பிடுங்கி வைக்கும்படி நிறுவனமே அறிவித்தது. வெளியூரில் இருந்தும் பாட்டுக் கேட்கலாமே என்று ரவுட்டரில் கதவைத் திறந்து வைப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

140 கேசட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டால், சி.டி தரத்தில் சுமார் 89 ஜிபி. ஃபிளாக்கில் சுருக்கினால் ஏறக்குறைய பாதி. நாற்பது வருடக் குரல்கள் அத்தனையும் ஒரு 64 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும். அதைவிட நம்பகமாக, தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து வேறு ஊரில், வேறு வீட்டில் வைக்கலாம். வருடத்துக்கு ஒருமுறையாவது அதைச் செருகி, பாடுகிறதா என்று கேட்டும் பார்க்க வேண்டும்.

மணி 7.40

பாளையங்கோட்டையில் டி.வி பாடியது. நலங்குப் பாட்டு ஒன்று, உரக்க. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"தாத்தா, நேத்து வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"ஃபைபர்காரங்க வந்தாங்கம்மா. புதுசா ஒரு ரவுட்டர் வச்சிட்டுப் போயிருக்காங்க. இதுதான் ஸ்பீடா இருக்கும் சார்ன்னு என் போன்லயும் போட்டுத் தந்தான் அந்தப் பையன்."

"பழைய ரவுட்டர்?"

"அது அப்படியே இருக்கு. டி.வி ஒயர், இந்தப் பெட்டி ஒயர் எல்லாம் அதுலதான் சொருகியிருக்கு."

அவ்வளவுதான் விஷயம். புது ரவுட்டருக்குப் பின்னால் பழைய ரவுட்டர். இரண்டும் தனித்தனி நெட்வொர்க். டி.வி.யும் பெட்டியும் பழைய வீட்டில், போன் மட்டும் புது வீட்டில். போன் கூவிய கூவல் நடுச்சுவரைத் தாண்டவில்லை. தாத்தா வைஃபை பட்டியலைத் திறந்து, பழைய பெயரைத் தொட்டார். ஆப்பில் வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. பட்டியல் வந்தது.

ஸ்பீக்கரில் முதலில் கேசட்டின் இரைச்சல். பிறகு தொட்டில் சங்கிலியின் கிறீச். அப்புறம் ஆச்சி. நடுவில் எங்கோ ஒரு சைக்கிள் மணி, 1984-ல் தெருவில் போன யாரோ. யாரும் பேசவில்லை. போனின் அந்தப் பக்கம் பேத்தியும் இணைப்பைத் துண்டிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து, பெட்டியின் ஒயரையும் டி.வி ஒயரையும் புது ரவுட்டருக்கு மாற்றினார், பெட்டிக்கு நிரந்தர எண் ஒதுக்கினார், எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துக் கையோடு பெங்களூருக்குக் கொண்டுபோனார். அவர் வருவதற்கு முன்பே தாத்தா தன் பங்குக்கு ஒரு வேலையை முடித்திருந்தார். பெட்டியின் பின்னால் இருந்த அந்தத் துளை மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டி, அதன் மேல் நீல மையில் எழுதி வைத்திருந்தார்: 'தொடாதே. போன் செய்.'